இடது தோளில் கறுப்பு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. அக்கா. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். அதுகூடத் தெரியாவிட்டால் அப்புறம் என்ன சி.ஐ.டி.! பால் பாக்கெட் வந்தால் தலைகீழாகப் பிடித்து, நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, சிலிண்டரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். லிஃப்ட் ஓடாமல் நின்றபோது, வாட்ச்மேனும் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிற வேலை அது என்று அடித்துச் சொன்னாள். லிஃப்ட் இன்றுவரை ஓடவில்லை. அதனால் அவள் சொன்னது தப்பென்று நிரூபிக்கவும் ஆளில்லை.

குணம் பாதி என்றால் தொழில் பாதி. ரெடிமேட் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் அவளுக்கு செக்கிங் வேலை. மேஜைக்கு மேலே டியூப் லைட் எரியும். தைத்து முடித்த சட்டைகள் ஒரு பக்கம் குவிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, காலரைத் திருப்பி, கைமடிப்பைத் திருப்பி, பட்டன் துளைக்குள் விரல் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். குற்றம் கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால் அம்பு. மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் அம்பு. நல்ல சட்டையைப் பார்த்து மெச்சிக்கொள்ள அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, கோளாறு எங்கே என்று தேடத்தான் சம்பளம். வருஷக்கணக்காக அதையே செய்த கண், வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா?

“என் மேலயும் ஒரு அம்பு ஒட்டிடேன். தினமும் தேடுற வேலை மிச்சம்” என்று அவள் கணவர் சிரிப்பார்.

அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. நிலையத்தின் நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்னக் கூண்டு. அதில்தான் அவர் உத்தியோகம். கூண்டு சின்னதாக இருந்தாலும் அங்கே அவர் ராஜா. ஒரு காலத்தில் பஸ்களெல்லாம் மூக்கை உள்ளே நீட்டியபடி வந்து நின்று, கிளம்பும்போது ஜனக்கூட்டத்துக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துத் திண்டாடும். ஒரு பஸ் சிக்கினால் பின்னால் ஊரே சிக்கும். அதை மாற்றியவர் இவர்தான். வரும்போதே ரிவர்ஸில் வந்து, வாலைக் கூண்டுப் பக்கம் வைத்து நிறுத்த வேண்டும், விசில் ஊதியதும் நேரே சீறிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார். தாமதம் பாதியாகக் குறைந்தது. மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் கைகுலுக்கி ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். அது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கதையை அவர் சொல்வார். சொல்லி முடிக்கும்வரை யாரும் காபி குடிக்க முடியாது.

இந்த மனிதர்மேல் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது ஒரு இருமலில்தான்.

சாதாரண இருமல் என்றால் சளி என்று விட்டுவிடலாம். இது காலையில் எழுந்ததும் நெஞ்சைக் குடைந்துகொண்டு வந்தது. கைக்குட்டையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் சட்டைப் பையில் புதினா மிட்டாய் கிடைத்தது. ஒன்று இரண்டல்ல, காகிதம் சுற்றிய மிட்டாய்கள் கைநிறைய. பள்ளிக்கூடப் பிள்ளையா இவர், மிட்டாய் சாப்பிட?

“தொண்டை ஒரு மாதிரி கசக்குது, அதான்” என்றார்.

கசக்கிறதாம். அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. இந்தக் கதையை அவள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

அவளுடைய அப்பாவுக்கும் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். குளியலறைக்குள் போனால் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார். வெளியே வரும்போது கையில் சோப்பு வாசனை தூக்கும். சிகரெட்டா, நானா, உன்மேல சத்தியமா இல்லை என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா நம்பினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டியபோதும், “எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கமே கிடையாதுங்க” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சுக்குத் தவித்தே அப்பா செத்துப்போனார். அழுது முடித்த கையோடு மகள் ஒரு முடிவு செய்தாள். அம்மா ஏமாந்ததுபோல நான் ஏமாற மாட்டேன். என் புருஷன் என்று ஒருவன் வந்தால், அவன் வாயிலிருந்து வருவதை நம்ப மாட்டேன், சட்டையிலிருந்து வருவதைத்தான் நம்புவேன்.

ஆகவே சட்டையைப் பார்த்தாள்.

அவருடைய யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை. துவைக்கப் போடுமுன் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தாள். கண் ஏமாறவில்லை. சட்டை முழுக்க லேசாக மங்கியிருந்தது. ஆனால் இடது தோளும் இடது கையும் மட்டும் தனியாகக் கறுத்திருந்தன. விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பாக ஒட்டியது. அடுத்த நாள் சட்டையிலும் இடது தோள்தான். அதற்கடுத்த நாளும் இடதுதான். அவள் நன்றாக யோசித்தாள். வலது கையில் பேனா பிடித்து எழுதுகிற மனிதர், சிகரெட்டை எந்தக் கையில் பிடிப்பார்? இடது கையில். புகை எந்தப் பக்கம் படியும்? இடது பக்கம். கேஸ் முடிந்தது.

சட்டையில் நெருப்புப் பொறி பட்ட ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினாள். ஒன்றுகூட இல்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். இவள் தயங்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று எண்ணிக்கொண்டாள்.

இரண்டாவது மாடியில் ஒரு கண்டக்டர் குடும்பத்தோடு இருந்தார். அதே பேருந்து நிலையத்தில்தான் அவருக்கும் வேலை. படியில் மடக்கி அவர் வாயைக் கிண்டினாள்.

“ஏம்பா, உங்க அண்ணன் அங்க டீ குடிக்கப் போனா எவ்வளவு நேரம் நிக்கிறார்?”

“டீ கூண்டுக்கே வந்துடும்க்கா. அவர் எந்திரிக்கவே மாட்டாரே.”

“சிகரெட்டும் கூண்டுக்கே வந்துடுதோ?”

“அண்ணனா? சேச்சே! என்னக்கா நீங்க!”

அவர் ‘சேச்சே’ சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கூட்டாளி என்று முடிவு கட்டினாள்.

வீட்டில் ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். மிட்டாய்களை மேஜைமேல் கொட்டி, சட்டையைப் பக்கத்தில் விரித்துவைத்து, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பதுபோல அவரை எதிரே உட்கார வைத்தாள். அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

“உன்மேல சத்தியமா நான் பிடிக்கலம்மா.”

“எங்கப்பாவும் எங்கம்மாமேலதான் சத்தியம் பண்ணார்.”

அவர் எழுந்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனார். அது பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.

அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் இருமல் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு உள்ளூரப் பெருமை. போட்ட போடில் ஆள் விட்டுவிட்டார் பாருங்கள்! ஆனால் அந்தப் பெருமை நிலைக்கவில்லை, புதிதாக வேறு சங்கதிகள் முளைத்தன. வேலை முடிந்து வருகிற நேரம் தள்ளித் தள்ளிப் போனது. வந்ததும் பேசாமல் நேரே போய் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்குகிறார். கேட்டால் முதுகுவலி என்கிறார். எங்கே போயிருந்தீர்கள் என்றால், பஸ் லேட் என்கிறார். ஊர் பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு அனுப்புகிறவர் ஏறுகிற பஸ் மட்டும் தினமும் லேட்டாம்!

ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனாள். கூட்டம் நெரிந்தது. டாக்டரும் பாவம், ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி கேட்கத்தான் நேரம்.

“சிகரெட் உண்டா?”

“இல்ல டாக்டர்” என்றார் கணவர்.

“பொய் டாக்டர். மறைச்சு மறைச்சுப் பிடிக்கிறார்.”

டாக்டர் நிமிர்ந்து ஒரு முறை அவரைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். “வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாததா? முதல்ல அதை நிறுத்துங்க சார். பாதி தானா சரியாயிடும். இல்லேன்னா அப்புறம் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்” என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். எங்கே வேலை, என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குத் தேவையே இல்லாமல் இவள்தான் பதிலைச் சொல்லிவிட்டாளே.

திரும்பி வரும்போது தெருவில் அவர் மெதுவாக நடந்தார். அவள் முன்னால் போய் நின்று, நின்று, காத்திருந்து நடந்தாள். “டாக்டர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேணாம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் ஒருவேளை நம்பியிருப்பாள். அப்பா எப்போதும் கோபப்பட்டதில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்வதற்கே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாளில், சிகரெட் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்பாள். மூச்சு இரைக்கிற நாளில், இன்றைக்கு நன்றாக இழுத்திருக்கிறார் என்பாள். வாரவிடுமுறையில் வீட்டிலேயே இருக்கும்போது மூச்சிரைப்பு குறைகிறது என்பதையும் அவள் கவனித்துத்தான் வைத்திருந்தாள். அதுவும் அவருக்கு எதிரான சாட்சியாகவே போய்ச் சேர்ந்தது. என் கண்முன்னால் பிடிக்க முடியாதே, அதனால்தான்! இப்படி ஒரு கோர்ட்டில் மாட்டினால் யார்தான் தப்பிக்க முடியும்?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கடைசியில் கங்கணம் கட்டிக்கொண்டாள். தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

பேருந்து நிலையத்தில் கூண்டுக்கு எதிர்த்தாற்போல் பயணிகள் உட்காருகிற சிமெண்டு பெஞ்சு வரிசை இருந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் இடம்பிடித்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டாள். படிப்பதற்கல்ல என்பது பக்கத்தில் இருந்தவருக்கே தெரிந்திருக்கும். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் மேஜை, இடது பக்கம் ஜன்னல். அவள் கண் அவருடைய இடது கையைவிட்டு நகரவில்லை.

ஒரு பஸ் வந்தது. ரிவர்ஸ் எடுத்து, வாலைக் கூண்டுப் பக்கம் வைத்து நின்றது. டிரைவர் இறங்கிப் போனார், ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை. பழைய பஸ், அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. எல்லாம் அவருடைய ஏற்பாட்டின்படி, ஒழுங்காக, வாலைக் காட்டிக்கொண்டு. ஒவ்வொரு வாலின் அடியிலிருந்தும் புகை கிளம்பி நேரே கூண்டு ஜன்னலுக்குப் போனது. அவர் கையை நீட்டிக் கண்ணாடியை மூடினார். உடனே ஒரு கண்டக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினார். திறந்தார், பேசினார், மறுபடி மூடினார். அடுத்தவர் வந்து தட்டினார். கொஞ்ச நேரத்தில் மூடுவதை விட்டுவிட்டார். விசில் ஊதினார். ஊதி முடித்ததும் தோள்கள் குலுங்கக் குலுங்க இருமினார். வீட்டில் அடக்கிவைத்திருந்த இருமல் முழுவதும் அங்கே வந்துகொண்டிருந்தது. ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மதியம் ஆனது. சாயங்காலமும் ஆனது. சிகரெட்டை மட்டும் காணோம்.

அவளுக்குக் கண் எரிந்தது, தலை விண்விண்ணென்று வலித்தது. தொண்டையில் ஏதோ ஒரு கசப்பு. கைப்பையிலிருந்து தொழிற்சாலைத் துணித்துண்டு ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பு. விரலால் தேய்த்தாள். அதே பிசுபிசுப்பு.

அவள் மறுபடி கூண்டைப் பார்த்தாள். ஜன்னல் அவருக்கு இடது பக்கம்.

இத்தனை வருஷம் எந்தக் கறை எதனால் வந்தது என்று சொல்லியே பிழைத்தவள், வீட்டுச் சட்டையில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாளே! ஆனால் சந்தேகம் என்பது அவ்வளவு சுலபத்தில் தோற்றுப்போகிற சாமான் இல்லை. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. சரி, இங்கே பிடிக்கவில்லை. அப்படியானால் தினமும் லேட்டாக வருகிறாரே, அந்த நேரம் எங்கே போகிறது? அதையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று எழுந்தாள்.

அவர் கூட்டத்தோடு ஒரு பஸ்ஸில் முன்பக்கமாக ஏறினார். அவள் பின்பக்கமாக ஏறினாள். வழியில் எங்கும் இறங்கவில்லை. எந்தக் கடையிலும் நிற்கவில்லை. நேராக வீடு இருக்கிற நிறுத்தத்தில் இறங்கி, நேராகக் குடியிருப்புக்குள் போனார். பஸ் நேரத்துக்குத்தான் வந்திருந்தது. வாட்ச்மேன் நாற்காலியருகே அவள் காத்திருந்தாள். இந்நேரம் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியவில்லை. ஆக, படிக்கட்டில்தான் சங்கதி! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஏறினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், கண்டக்டர் வீட்டு வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையை நெஞ்சில் வைத்து, வாயை அகலத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கண்டக்டரின் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். அவள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது, இது தினப்படி நடக்கிற காரியம்.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். வாயை மூடிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை.

“நான் பிடிக்கலம்மா” என்றார் மூச்சு இரைத்துக்கொண்டே. “வேணும்னா... மோந்து பாத்துக்கோ.” சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே அவள் பக்கமாக முகத்தைத் தூக்கினார்.

செருப்பு கையிலிருந்து விழுந்து, படி படியாக உருண்டு கீழே போனது.

“உங்ககிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டார்க்கா” என்று கண்டக்டரின் மனைவி அழ ஆரம்பித்தாள். “மூச்சு வாங்குறதைப் பாத்தா சிகரெட்டுனு நெனச்சுக்குவா, எல்லாம் அடங்கினதும் போறேன்னு தினம் இங்கதான் உக்காந்திருப்பார்.”

குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. வாட்ச்மேனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் சி.ஐ.டி. அக்கா.

அன்றைக்கு அவருக்கு மூச்சு அடங்கவில்லை. இடது கை மரத்துப்போகிறது என்றார். சட்டை நனைய வியர்த்துக் கொட்டியது. ஓடாத லிஃப்டைத் திட்டிக்கொண்டே கண்டக்டரும் வாட்ச்மேனுமாக ஸ்டூலோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். ஆம்புலன்ஸில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கை போய்விட்டால் நான் யாரைச் சோதனை போடுவேன் என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு வந்தது, அதற்காக அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். உள்ளே கம்பிவலை வைத்து அடைப்பைத் திறந்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். வெளியே வந்த இதய டாக்டரம்மா, சிறு வயசுக்காரி, முகமூடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்:

“ரொம்ப நாளா சிகரெட் பிடிக்கிறவர்னு உங்க டாக்டர் போன்ல சொன்னார். இன்னும் பிடிக்கிறாரா?”

“பிடிக்கல டாக்டர். எப்பவுமே பிடிச்சதில்ல.”

“அவர் அப்படிச் சொல்லலையே.”

“அவர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன்.” சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினாள். “பொய்கூட இல்ல. உண்மைன்னு நெனச்சுத்தான் சொன்னேன்.”

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். “அப்ப எங்க வேலை பாக்கிறார்?” என்றாள். அவள் சொன்னாள்: கூண்டு, ஜன்னல், வாலைக் காட்டி நிற்கிற பஸ்கள், அணைக்காத இன்ஜின், இடது தோள். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

“புகைனாலே நாம நுரையீரலைத்தான் நெனக்கிறோம்மா. கண்ணுக்குத் தெரியிற கரி மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். கண்ணுக்கே தெரியாத தூசு இருக்கு பாருங்க, அது நுரையீரல் அடிவரைக்கும் போகும். அதுல கொஞ்சம் ரத்தத்திலயும் கலக்கும். ரத்தக் குழாயை உள்ளேருந்து புண்ணாக்கும். வருஷக்கணக்கா சுவாசிச்சா அடைப்பு வர்ற வாய்ப்பு கூடும். இவருக்கு பி.பி.யும் இருக்கு, யாரும் பாக்கல. அதனால புகை ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா திரும்ப அந்தக் கூண்டுல கொண்டுபோய் உக்கார வைக்காதீங்க. கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இப்படி அட்டாக் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.”

கொஞ்சம் முன்னாடியே. இந்த இரண்டு சொல் அவளைவிட்டுப் போகவே இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தபின் அவள் துவைக்காத வெள்ளைச் சட்டைகளை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். இடது தோளில் எல்லாம் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. மேனேஜர் சட்டைகளைப் பார்த்தார், தலையாட்டினார், ஆவன செய்கிறேன் என்றார். கணவருக்குப் பார்சல் அறையில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். நிலையத்தில் இன்ஜினை அணைக்கவும் என்று ஒரு பலகை மாட்டினார்கள். அவள் நம்பவில்லை. முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் போய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பலகைக்குக் கீழேயே இரண்டு பஸ் புகைவிட்டுக்கொண்டு நின்றது. கூண்டில் வேறொருவர் கையை நீட்டிக் கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தார். அவள் நேராக டிரைவர்களிடம் போய்ச் சண்டை போட்டாள். அன்றைக்கு அணைத்தார்கள். மறுநாள் என்ன என்று யாருக்குத் தெரியும்? அதனால் மறுநாளும் போனாள்.

இப்போதெல்லாம் அவள் சந்தேகம் காற்றின்மேல் திரும்பியிருக்கிறது. ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவைத்துத் தினமும் எடுத்துப் பார்க்கிறாள். தெருவில் குப்பை எரித்தால் மூன்றாவது மாடியிலிருந்து குரல் வருகிறது. குடியிருப்பில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டுத் துணியையும் காட்டி, இது என்ன கறுப்பு என்று கேட்கிறார்கள். வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. அதைக் கழற்றியவர் அவர்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. டாக்டரம்மா மாதாமாதம் கேட்பாள், மூச்சு வாங்குகிறதா என்று. இல்லை என்பார். நெஞ்சு வலிக்கிறதா? இல்லை. படி ஏற முடிகிறதா? முடிகிறது. உலகத்தில் யார் பொய் சொன்னாலும் கண்டுபிடிக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பாள். அந்த ‘இல்லை’யில் எது நிஜம், எது பயம் என்று அவளுக்கே பிடிபடாது. மறைக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தானே.

ஒரு சாயங்காலம் அவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடி. இரண்டாவது மாடி. அங்கே சத்தம் நின்றுவிட்டது.

அவள் கதவைத் திறந்துவைத்துவிட்டு, வேண்டுமென்றே செருப்பைத் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு இறங்கினாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது.

“மூச்சு வாங்குதா?”

தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

அவள் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். வாயை அகலத் திறந்து, புஸ் புஸ் என்று சத்தமாக மூச்சு வாங்கினாள்.

“எனக்கு வாங்குதுங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இறங்கி வந்தவளுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்? சந்தேகம் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது.

“நிஜமாவா?” என்றார் மூடிய பல்லின் வழியாக.

“உங்கமேல சத்தியமா.”

பச்சைப் பொய். அவர் அதை நம்பினாரா இல்லையா என்று அவள் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கம்பியைப் பிடித்து மெல்ல உடம்பைத் தாழ்த்தி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு வாயைத் திறந்து, அவள் காதுக்குப் பக்கத்திலேயே, நன்றாகச் சத்தம் போட்டு மூச்சு வாங்கினார்.